சாய்ந்தோடிய படகும் தராசு வைத்த பட்டறையும்: தெற்கு டர்பனில் ஒரு சேவை அனுபவம்

வேகப்படகு வைத்திருப்பவர்கள் டர்பன் வட்டாரத்தில் ஏராளம். ஆனால் படகு ஒரு பக்கமாகச் சாய்கிறது, வேகம் பிடித்தால் தொட்டில்போல ஆடுகிறது என்று சொன்னால், அதன் காரணத்தைத் தேடிக் கண்டுபிடிக்கப் பொறுமையுள்ள பட்டறைகள் மிகக் குறைவு. இசிபிங்கோ பக்கத்தில் அப்படியொரு சிறு பட்டறையில் என் படகை ஏறத்தாழ ஐந்து வாரம் விட்டுவைத்து, சரிசெய்து எடுத்து வந்தேன். தம் பெயரும் முகவரியும் இணையத்தில் வர வேண்டாம் என்று பட்டறைக்காரர் கேட்டுக்கொண்டதால் அவற்றை எழுதவில்லை. இருக்கிற வேலையே கைக்கு மேல் என்கிறார். செய்த வேலையை மட்டும், எனக்குப் பிடித்ததையும் பிடிக்காததையும் சேர்த்து, இங்கே விவரமாக எழுதுகிறேன்.

முதலில் படகைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐந்தேகால் மீட்டர் நீளம், V வடிவ அடிப்பகுதி, பின்பலகையில் 150 குதிரைத்திறன் கொண்ட டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு எஞ்சின். கடலில்லா உள்நாட்டு மாகாணமான கௌடெங்கிலிருந்து வாங்கி வந்தது. முன்பு வால் (Vaal) அணையில் ஓடிக்கொண்டிருந்த படகு. வெருலத்தில் என் வீட்டிலிருந்து ஹேசல்மியர் அணை கைக்கெட்டும் தூரம் என்பதால், ஞாயிறு காலைகளில் அங்கேதான் இறக்குவேன். முதல் நாளிலிருந்தே படகு இடப்பக்கம் சாய்ந்தது. ஓட்டுநர் இருக்கை வலப்பக்கம்தான், நானும் 90 கிலோவுக்குக் குறையாத ஆள். அப்படியிருந்தும் சாய்வு நேராகவில்லை. மனைவி இடப்பக்க இருக்கையில் அமர்ந்துவிட்டாலோ, தண்ணீர் தெறிப்பதெல்லாம் அவர் மேல்தான். மணிக்கு 90 கிலோமீட்டரை நெருங்கும்போது இன்னொரு தொல்லை தொடங்கும். படகு இடவிளிம்பிலிருந்து வலவிளிம்புக்கும், அங்கிருந்து மீண்டும் இடத்துக்கும் சாய்ந்து சாய்ந்து ஆடும். ஒவ்வொரு ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாக இருக்கும். வேகப்படகு ஓட்டுபவர்கள் இதைச் சைன் வாக் என்பார்கள். பயமறியாத இளைஞர்களுக்கு அது விளையாட்டாகத் தோன்றலாம். இரண்டு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறவனுக்கு அப்படித் தோன்றாது.

இங்கே வருவதற்கு முன் வேறொரு கடைக்குப் போயிருந்தேன். அங்கே படகைத் தண்ணீரில் பார்க்கவே இல்லை. பின்பலகையின் இரு பக்கமும் ஹைட்ராலிக் ட்ரிம் தட்டுகளைப் பூட்டிவிட்டு, இடத்தட்டை இறக்கினால் இடப்பக்கம் தூக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். சொன்னது பொய்யில்லை. தாழ்ந்திருக்கும் பக்கத்துத் தட்டை இறக்கினால் தண்ணீர் அதை மேல்நோக்கித் தள்ளும், படகு நிமிரும். ஆனால் வேகம் கூடக்கூட அந்தத் தட்டு ஒரு பக்கத்துத் தடையாகிப் படகை இடப்புறம் இழுத்தது, முன்முனையைத் தண்ணீரில் அமுக்கியது, உச்ச வேகத்தில் ஆறு கிலோமீட்டரைத் தின்றது. ஆட்டமோ குறையவே இல்லை. காரணத்தை அப்படியே விட்டுவிட்டு, விளைவை மட்டும் தட்டால் மூடி மறைத்த வேலை அது. அதற்கு நான் கொடுத்த பணத்தை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

இசிபிங்கோ பட்டறைக்காரர் அறுபதைத் தாண்டியவர். அவருடைய தாத்தா டர்பன் துறைமுகத்தில் கரைவலை இழுத்தவராம். பேச்சு பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் நடந்தது, ஆனால் வேலை ருசிக்கத் தொடங்கினால் இடையிடையே தமிழ் வந்துவிடும். தொலைபேசியில் என் கதையை முழுவதும் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்வி: "தம்பி, கட்டிப்போட்டு நிற்கும்போதும் சாயுதா, ஓடும்போது மட்டுமா?" இத்தனை மாதத்தில் அதை நான் கவனித்ததே இல்லை. அடுத்த ஞாயிறு படகுத்துறையில் எஞ்சினை அணைத்துவிட்டு, படகில் ஆளில்லாமல் வெளியே நின்று பார்த்தேன். இடப்பக்க நீர்க்கோடு வலப்பக்கத்தைவிட இரண்டு விரல் அளவு தாழ்ந்திருந்தது. நிற்கும்போது சாய்ந்தால் காரணம் எடை. ஓடும்போது மட்டும் சாய்ந்தால் அடிப்பகுதியின் வடிவமோ, எஞ்சினோ, புரொப்பல்லரோ, காற்றோ காரணமாக இருக்கும். இரண்டும் சேர்ந்திருந்தால் முதலில் எடையைத் தீர்க்காமல் மற்றதைத் தொடக்கூடாது என்பது அவர் கொள்கை. இந்த வரிசை ஒன்றுக்காகவே அவரிடம் போகலாம் என்பது என் கருத்து.

படகைக் கொண்டுவரும்போது கழுவித் துடைத்துக் காலியாகக் கொண்டுவரக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நங்கூரம், கயிறு, உயிர்காப்பு அங்கி, தீயணைப்பான், குளிர்ப்பெட்டி எல்லாம் வழக்கமான இடத்தில் வழக்கமான அளவில் இருக்க வேண்டும், பெட்ரோல் தொட்டி நிறைந்திருக்க வேண்டும். பெட்ரோல் லிட்டருக்கு முக்கால் கிலோ வீதம் என்றால் 50 லிட்டர் தொட்டியில் மட்டும் 37.5 கிலோ ஏறி இறங்குகிறது. ட்ரெய்லரின் இரு சக்கரங்களின் அடியிலும் தனித்தனித் தராசு வைத்து எடுத்தார். இடச்சக்கரத்தில் 41 கிலோ கூடுதலாக இருந்தது. அந்த எண்ணைப் பார்த்ததும் அவர் சொன்னதை மறக்க முடியாது: "தைப்பூசத்துக்குக் காவடி எடுத்திருக்கீங்கள்ல? ஒரு பக்கத்துச் செம்பு நிறைஞ்சு, மறுபக்கம் காலியா இருந்தா தோள் எவ்வளவு நேரம் தாங்கும்?"

அந்த 41 கிலோவில் ஒரு பங்கு கண்ணுக்குத் தெரிந்தது. 23 கிலோ பேட்டரி இடப்பக்கப் பின்மூலையில், விளிம்பை ஒட்டி இருந்தது. அதை ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே, நடுக்கோட்டுக்குச் சற்று வலப்புறமாக மாற்றி, தடித்த புதுக் கம்பி இழுத்துக் கொடுத்தார். ஒரு பொருளைக் கனமான பக்கத்திலிருந்து எடுத்து மறுபக்கம் வைத்தால், ஒன்றில் குறைந்து மற்றதில் கூடுவதால் பலன் இரட்டிப்பாகிறது என்பதும், விளிம்பருகே இருக்கும் ஒரு கிலோ நடுக்கோட்டருகே இருக்கும் ஒரு கிலோவைவிட அதிகம் சாய்க்கும் என்பதும், பள்ளியில் படித்த நெம்புகோல் கணக்குதான். படகுக்கு அதைப் பொருத்திப் பார்க்கத்தான் எனக்குத் தோன்றவில்லை.

மிச்சப் பங்கு கண்ணுக்குத் தெரியாமல் தரைக்கு அடியில் கிடந்தது. தரைப்பலகையில் இரண்டு இடத்தில் சிறு வட்டத் துளை போட்டுப் பார்த்தபோது, வலப்பக்கத்தில் மஞ்சள் நுரை காய்ந்து வந்தது, இடப்பக்கத்தில் தண்ணீர் ஒழுகும் பழுப்புக் கூழ் வந்தது. படகு மூழ்காமல் மிதக்க வேண்டும் என்று அடைக்கப்படும் பாலியூரித்தேன் நுரை, ஆண்டுக்கணக்கில் ஈரத்தில் ஊறினால் பஞ்சுபோல் நீரை உறிஞ்சிக்கொள்கிறது. தளர்ந்திருந்த தரைத் திருகுகளின் வழியே மழைநீர் இறங்கியிருக்கிறது. இடப்பக்கத் தரையை வெட்டித் திறந்து, சுரண்டியெடுத்த நுரையைச் சாக்கில் போட்டு என் கண்ணெதிரே எடை போட்டார்: 31 கிலோ. அதே இடத்தை நிரப்பிய புது நுரை ஒன்றரைக் கிலோகூட இல்லை. அறையைச் சில நாள் காற்றோட்டமாக உலரவிட்டு, புது நுரை ஊற்றி, தரையை மூடி, திருகுகளை மூடுபசை இட்டு இறுக்கினார். நுரையை எடுத்துவிட்டு வெற்றிடமாக விட்டால் எடை இன்னும் குறையுமே என்று நான் கேட்டதற்கு அவர் முகம் சுளித்தது நியாயமே. 2007ஆம் ஆண்டின் சிறு கலப் பாதுகாப்பு விதிமுறைகளின்படி நம் படகுகளுக்குத் தகுதிச் சான்றிதழ் வேண்டும், மிதப்புப் பொருள் இல்லாத படகை ஆய்வாளர் ஏற்க மாட்டார். சான்றிதழை விடுங்கள், கவிழ்ந்த படகு மிதந்தால்தான் அதைப் பிடித்துக்கொண்டு மனிதர்கள் மிதக்க முடியும். மறுபடி தராசில் ஏற்றியபோது இரு சக்கரங்களுக்கும் வேறுபாடு ஐந்து கிலோவுக்குள் வந்திருந்தது.

தண்ணீரில் இறக்கினோம். நிற்கும்போது படகு நேராக நின்றது. ஓடும்போது இடச்சாய்வு பாதிதான் குறைந்திருந்தது. நான் சோர்ந்துபோனேன், அவரோ இதை எதிர்பார்த்தவர்போல் இருந்தார். பட்டறைக்குத் திரும்பியதும் படகைத் தூக்கி நிறுத்தி, ஒன்றரை மீட்டர் நீளமுள்ள நேரான அலுமினியச் சட்டத்தைப் பின்பலகையிலிருந்து முன்நோக்கி, அடிப்பகுதியில் அழுத்தி வைத்துப் பார்த்தார். இடப்பக்கத்தில் சட்டம் ஒட்டி உட்கார்ந்தது. வலப்பக்கத்தில் நடுவே வெளிச்சம் தெரிந்தது: மூன்று மில்லிமீட்டர் குழிவு. மூன்று மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். வேகமெடுத்த படகு தன் அடிப்பகுதியின் கடைசிச் சில அடி நீளத்தின் மேல்தான் சறுக்கி ஓடுகிறது. அந்த இடத்தில் உள்ள குழிவு, இறக்கிவிட்ட ட்ரிம் தட்டைப்போலவே தண்ணீரைக் கீழ்நோக்கித் திருப்பி அந்தப் பக்கத்தைத் தூக்கிவிடும். வலப்பக்கம் தூக்கப்பட்டால் இடப்பக்கம் தாழத்தானே செய்யும்? ஆக, முந்தைய கடைக்காரர் இடப்பக்கத்தில் ஒரு தட்டை இறக்கச் சொன்னது, வலப்பக்கத்தில் ஏற்கெனவே இறங்கிக் கிடந்த, யாரும் பார்க்காத இன்னொரு தட்டோடு மல்லுக்கட்டத்தான்.

குழிவு எப்படி வந்தது என்பதையும் அவரே காட்டினார். ட்ரெய்லரில் படகைத் தாங்கும் இரண்டு நீண்ட கட்டைகளில் வலப்பக்கக் கட்டை உளுத்து ஒடிந்து, பின்பலகைக்கு ஒரு முழம் முன்னதாகவே முடிந்துவிட்டிருந்தது. எஞ்சினின் எடை முழுவதும் தாங்கலில்லாமல் தொங்க, ஃபைபர் கிளாஸ் மெல்ல மெல்லக் கீழ்நோக்கி வளைந்திருக்கிறது. எப்பாக்ஸி நிரப்பி, நீண்ட பலகையில் உப்புத்தாள் ஒட்டித் தேய்த்து, சட்டம் இரு பக்கமும் ஒரே மாதிரி உட்காரும்வரை சமன்செய்தார். தேய்ப்பு வேலைக்கு மட்டும் மூன்று நாள் ஆனது. ட்ரெய்லருக்குப் பின்பலகைவரை நீளும் புதுக் கட்டைகள் போட்டார். இதைச் செய்யாமல் குழிவை மட்டும் நிரப்பியிருந்தால் ஓராண்டில் அது திரும்ப வந்திருக்கும். இந்தப் பட்டறையின் வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

இதற்குப் பிறகும் மிச்சமிருந்த சிறு சாய்வுக்கு எஞ்சின் காரணம். பெரும்பாலான ஒற்றை எஞ்சின் படகுகளைப்போல என்னுடையதிலும் புரொப்பல்லர், பின்னாலிருந்து பார்த்தால் வலமாகச் சுற்றும். அது ஒரு பக்கம் சுற்ற, எதிர்வினையாகப் படகு மறுபக்கம், அதாவது இடப்பக்கம், உருளப் பார்க்கும். இத்தகைய படகுகளில் ஓட்டுநரை வலப்பக்கம் அமர்த்தும் வழக்கத்துக்கு இது ஒரு முக்கியக் காரணம். எஞ்சினைப் பின்பலகையில் எவ்வளவு உயர்த்திப் பூட்டுகிறோமோ, அவ்வளவுக்குப் புரொப்பல்லரின் மேல்பாதி பிடிமானத்தை இழந்து, கீழ்பாதி மட்டும் தண்ணீரைக் கவ்விப் படகின் பின்புறத்தைப் பக்கவாட்டில் தள்ளும். முந்தைய உரிமையாளர் வேகத்துக்காக ஏற்றி வைத்திருந்த எஞ்சினை ஒரு துளை, அதாவது 19 மில்லிமீட்டர், இறக்கிப் பூட்டினார்.

புரொப்பல்லர் விஷயத்தில் ஒரு கிளைக்கதை உண்டு. வால் அணை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,480 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 300 மீட்டர் ஏறுவதற்குச் சுமார் 3 விழுக்காடு வீதம் எஞ்சின் வலிமை குறையும் என்பது பொதுவான கணக்கு. ஆகவே அங்கே பிட்ச், அதாவது ஒரு சுற்றில் முன்னேறும் தூரம், குறைந்த புரொப்பல்லர் போடுவார்கள். அதே புரொப்பல்லரோடு கடல்மட்டத்துக்கு அருகே வந்தால் எஞ்சின் கட்டுமீறிச் சுழலும். என் எஞ்சினுக்கு உற்பத்தியாளர் விதித்த உச்சம் நிமிடத்துக்கு 5,500 சுற்று, நானோ 5,900 வரை அறியாமல் ஓட்டிக்கொண்டிருந்தேன். பிட்ச் ஓர் அங்குலம் கூடினால் 150 முதல் 200 சுற்று குறையும். கௌடெங்கிலிருந்து படகு வாங்கி இறக்குபவர்கள் இதைக் கட்டாயம் சோதித்துப் பார்க்க வேண்டும். மூன்று இதழ் கொண்ட 23 அங்குலப் பிட்ச், நான்கு இதழ் கொண்ட ஒன்று என இரண்டைக் கடனாகக் கொடுத்து ஓட்டிப் பார்க்கச் சொன்னார். மூன்று இதழில் முன்முனை நன்றாகத் தூக்கி வேகம் கூடியது. நான்கு இதழில் உச்ச வேகம் நான்கைந்து கிலோமீட்டர் குறைந்தாலும் பின்புறம் தண்ணீரில் பிடித்துக்கொண்டு அமைதியாக ஓடியது. நான் நான்கு இதழை எடுத்துக்கொண்டேன். என் மைத்துனர் இன்றுவரை அதற்காக என்னைக் கேலி செய்கிறார்.

இனி அந்த ஆட்டத்துக்கு வருகிறேன். V வடிவப் படகு உச்ச வேகத்தில் கிட்டத்தட்ட முழுவதும் தண்ணீருக்கு மேலெழுந்து, அடிப்பகுதியின் பின்நுனியில் ஒரு சிறு பரப்பின் மீது மட்டும் நிற்கிறது. ஒரு விரலில் நிறுத்திய துடைப்பக்கட்டையைப்போன்ற நிலை. புரொப்பல்லரின் உருட்டு விசை அதை ஒரு பக்கம் சாய்க்க, ஓட்டுநர் திருப்ப, ஸ்டீயரிங்கில் தளர்வு இருந்தால் அந்தத் திருப்பம் தாமதமாகவும் அளவுக்கு மீறியும் போய்ச் சேர, ஆட்டம் வளர்கிறது. என் படகில் சக்கரம் அசையாமல் இருக்கும்போதே எஞ்சினின் கீழ்த்துடுப்பைக் கையால் பிடித்து 25 மில்லிமீட்டர் இப்படியும் அப்படியும் அசைக்க முடிந்தது. பழைய ஒற்றைக் கேபிளை எடுத்துவிட்டு ஹைட்ராலிக் ஸ்டீயரிங் பூட்டியதும் அந்தத் தளர்வு இல்லாமல் போனது. செலவில் பெரும்பங்கு இதற்குத்தான். பிறகு ஹேசல்மியரில் ஒரு விடியற்காலை, காற்று எழுமுன், அவரே என் பக்கத்தில் அமர்ந்து ஓட்டச் சொன்னார். ட்ரிம்மை, அதாவது எஞ்சினின் சாய்வுக் கோணத்தை, ஒரேயடியாக ஏற்றக்கூடாது, ஆட்டம் தொடங்கினால் ஸ்டீயரிங்கோடு சண்டை போடாமல் ட்ரிம்மைச் சற்று இறக்க வேண்டும், த்ராட்டிலைப் படாரென்று மூடாமல் மெல்லத் தளர்த்த வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் பதறி மூடப்போனபோது, "விட்டுடாதீங்க, விட்டுடாதீங்க, மெதுவா!" என்று கையைப் பிடித்தார். இப்போது 95 வரை படகு ஆடாமல் ஓடுகிறது. அதற்கு மேல் போனால் லேசாகத் தலைகாட்டுகிறது. அதில் எவ்வளவு படகின் பங்கு, எவ்வளவு என் கையின் பங்கு என்று அவரிடம் கேட்டேன். சிரித்துவிட்டு விட்டார்.

குறைகளும் உண்டு. தொலைபேசியை எடுக்கவே மாட்டார், படகு எந்த நிலையில் இருக்கிறது என்று அறிய வெருலத்திலிருந்து இரண்டு முறை நேரில் போக வேண்டியிருந்தது. இரண்டு வாரம் என்று சொன்ன வேலை ஐந்து வாரம் ஆனது. ஒரு பகுதி நுரை உலர்வதற்கான நேரம் என்பதை ஏற்கிறேன், மீதிக்குக் காரணம் வேறொருவரின் மீன்பிடிப் படகு முன்னால் புகுந்ததுதான். எடை அளவுகளையும் மாற்றங்களையும் ஒரு தாளில் எழுதித் தரும் வழக்கம் அவரிடம் இல்லை. இந்தக் கட்டுரையில் உள்ள எண்கள் நான் பக்கத்தில் நின்று குறித்துக்கொண்டவை. ஹைட்ராலிக் பொருள்கள், புரொப்பல்லர் மாற்றம் உட்பட 24,600 ரேண்ட் ஆனது. கூலி மட்டும் பார்த்தால் நியாயமான தொகை. ஆனால் தரையைத் திறப்பதற்கு முன் மதிப்பீடு கேட்டிருந்தால் நான் இவ்வளவு அதிர்ந்திருக்க மாட்டேன். கேட்டால் தருகிறார், கேட்காவிட்டால் வேலையைத் தொடங்கிவிடுகிறார். ஆகவே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சோதனை ஓட்டத்துக்கு மிட்மார் அணையையே விரும்புகிறார், அங்கே தண்ணீர்ப்பரப்பு அகலம். பிப்ரவரியில் மிட்மார் மைல் நீச்சல் போட்டிக் காலத்தில் அது நடக்காது என்பதால் அந்த மாதத்தைத் தவிர்ப்பது நல்லது.

வேலை முடிந்து மூன்றாவது வாரம் படகு மறுபடி சாய்ந்தது, இம்முறை வலப்பக்கம். கோபத்தோடு அவரிடம் போனேன். அன்று காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது என்று கேட்டார். தென்மேற்குக் காற்று, வலப்பக்கமிருந்து பலமாக அடித்துக்கொண்டிருந்தது. பக்கக்காற்று படகைத் தள்ளும்போது நேரே போவதற்காக நாம் அறியாமலே ஸ்டீயரிங்கைக் காற்றின் பக்கம் பிடிக்கிறோம், V வடிவ அடிப்பகுதி திருப்பும் பக்கத்துக்கே சாயும், ஆகையால் படகு காற்றை நோக்கிச் சாய்ந்தே ஓடும். எல்லா V படகுகளுக்கும் உள்ள குணம் இது. நான் பிடுங்கி எறியச் சொன்ன ட்ரிம் தட்டுகளை அவர் ஏன் பத்திரமாகத் திரும்பப் பூட்டிக் கொடுத்தார் என்பது அப்போதுதான் விளங்கியது. காற்று அடிக்கும் பக்கத்துத் தட்டை இரண்டு விநாடி இறக்கினால் போதும், படகு நிமிர்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டும்போது இரண்டையும் முழுவதும் தூக்கிவிட வேண்டும் என்று பொத்தானுக்குப் பக்கத்தில் அவரே மார்க்கர் பேனாவால் எழுதி வைத்திருக்கிறார். அன்று கிளம்பும்போது வலப்பக்க நுரையையும் ஒருமுறை திறந்து பார்த்துவிடலாம் என்றார். துளையில் காய்ந்து வந்தது என்பதற்காக முன்பகுதியும் காய்ந்திருக்கும் என்று சொல்ல முடியாதாம். ஜூன் மாதத்துக்கு நாள் குறித்திருக்கிறேன், இந்த முறை மதிப்பீட்டை எழுத்தில் வாங்கிவிட்டேன்.